இரும்புப்பெட்டி உடைத்தவரும் படகுக்கு வரி கட்டாதவரும்: கால்பந்து கிளப் வாங்க யாருக்குத் தகுதி?

(ரசிகர்கள் சிலர் புனைபெயர்களில் நடத்திய விவாதம்.)

1. பின்வரிசை

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் டார்லிங்டன் ஊரின் கிளப்பை 1999-இல் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவர் வாங்கினார். இளமையில் இரும்புப்பெட்டி உடைத்துச் சிறைக்குப் போனவர். பிறகு சமையலறை மேடைப் பலகைகள் செய்து விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். பழைய தொழிலைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவார். வந்த கையோடு கிளப்பின் கடன்களை அடைத்தார். அடுத்து 25,000 இருக்கைகளோடு ஒரு மைதானம் கட்டி, தன் பெயரையே அதற்குச் சூட்டினார். நான்காவது பிரிவில் ஆடிக்கொண்டிருந்த கிளப் அது! 2003 ஆகஸ்டில் நடந்த முதல் ஆட்டத்துக்குச் சுமார் 11,600 பேர் வந்தார்கள். புது வீடு பார்க்க வந்த கூட்டம். டிசம்பருக்குள் கிளப் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போய்விட்டது.

மறு ஆண்டு, 2004-இல், 'தகுதியும் நேர்மையும் உள்ளவரா' என்ற சோதனை இங்கிலாந்துக் கால்பந்துக்கு வந்தது. அது முன்பே இருந்திருந்தால் பழைய சிறைவாசத்தைக் காட்டி ரெனால்ட்ஸைத் தடுத்திருக்கலாம். ஆனால் காரணம் தவறாக இருந்திருக்கும். டார்லிங்டனை அவர் திருடவில்லை. கட்டிக் கட்டியே கவிழ்த்தார்.

அடுத்து டார்பி கவுன்டி. மெல் மாரிஸ் உள்ளூர்க்காரர், அந்தக் கிளப்பின் ரசிகர், கேண்டி க்ரஷ் விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தில் பணம் போட்டுச் செல்வம் சேர்த்தவர். ஒரு கரும்புள்ளி கிடையாது. பெண் கொடுக்கும் வீட்டார் விசாரிப்பதைப் போல ஊர் முழுக்க விசாரித்தாலும் நல்ல பெயர்தான் கிடைத்திருக்கும். முதல் பிரிவுக்கு ஏறிவிட வேண்டும் என்று செலவழித்தார், ஏற முடியவில்லை, களைத்துப்போனார். 2021 செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அந்தப் பருவத்தில் 21 புள்ளிகள் குறைக்கப்பட்டு மூன்றாவது பிரிவுக்கு இறங்கியது.

ஆகவே என் கட்சி இது. வாசலில் நின்று ஆளின் சாதகத்தைப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. ஒவ்வோர் ஆண்டும் கிளப்பைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உரிமையாளர் நாளைக் காலையில் பணம் தருவதை நிறுத்தினால் எத்தனை மாதத்துக்குச் சம்பளம் போட முடியும்? அதற்குப் பதில் இல்லாத கிளப்பை யார் வைத்திருந்தால் என்ன, புனிதரே வைத்திருந்தாலும் ஆபத்துதான்.

2. மழைநாள் ஆட்டம்

பின்வரிசை அவர்களே, உங்கள் எடுத்துக்காட்டுகள் இரண்டும் வசதியானவை. பிளாக்பூலை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அந்தக் கிளப்பின் உரிமையாளர் ஓவன் ஆய்ஸ்டன் 1996-இல் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். அதன் பிறகும் கிளப் அவர் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. 2010-11-இல் ஒரே ஒரு பருவம் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கில் ஆடினார்கள். அந்தத் தொலைக்காட்சிப் பணம் எங்கே போனது என்று கூட்டாளி ஒருவர் வழக்குப் போட்டார். குடும்பத்தார் கிளப்பிலிருந்து முறையற்ற வகையில் பணத்தை உருவினார்கள் என்று 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 3 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. நீங்கள் கேட்கச் சொல்லும் அந்த ஒரே கேள்வியை 2011-இல் பிளாக்பூலிடம் கேட்டிருந்தால் முதல் வகுப்பில் தேறியிருக்கும். வங்கியில் பணம் இருந்ததே!

ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கள் மைதானத்துக்கே போகாமல் வெளியே நின்றார்கள். 2019-இல் கிளப் அந்தக் குடும்பத்தின் கையை விட்டுப் போன பிறகுதான் உள்ளே வந்தார்கள். ஆளின் குணம் முக்கியமில்லை என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

3. கணக்குப்பிள்ளை

இருவரும் பாதி பாதி சரி. தணிக்கைத் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோதனை என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பட்டியல். நேர்மையற்ற செயலுக்கான தண்டனை உண்டா, சொந்தத் திவால் உண்டா, இதற்கு முன் கிளப்புகளைத் திவாலாக்கியிருக்கிறாரா, வேறு விளையாட்டு அமைப்பு தடை விதித்திருக்கிறதா. எதிலும் மாட்டவில்லையென்றால் தேர்ச்சி. பணம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதைக் கேட்ட விதம்தான் பல ஆண்டுகள் கேலிக்கூத்தாக இருந்தது.

பரி என்ற இங்கிலாந்துக் கிளப்பைப் பாருங்கள். 1885-இல் தொடங்கியது, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளை நடத்தும் இ.எஃப்.எல். அமைப்பின் அன்றைய விதியில் ஓட்டை இருந்தது: முதலில் வாங்கிவிடலாம், பண ஆதாரத்தைப் பிறகு காட்டலாம். காட்ட வேண்டிய ஆதாரம் திருப்திகரமாக வரவேயில்லை. ஆனால் கிளப் அதற்குள் அவருடையதாகிவிட்டது. வாங்கியதை ரத்துசெய்யும் அதிகாரம் லீக்குக்கு இல்லை. இருந்த ஒரே ஆயுதம் கிளப்பையே வெளியேற்றுவது. 2019 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அதைத்தான் செய்தார்கள். குடித்தனக்காரர் வாடகை தரவில்லை என்று வீட்டையே இடித்த கதை. சம்பளம் சரிவர வராத நிலையிலும் அந்த வீரர்கள் அதே ஆண்டு வசந்தத்தில் மேல் பிரிவுக்கு முன்னேறியிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து சோதனை நன்றாக வேலை செய்த இடம் எவர்ட்டன். அங்கே யாரும் 'தகுதியில்லை' என்று அறிவிக்கவில்லை. 2023 செப்டம்பரில் 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்க ஒப்பந்தம் செய்தது. பிரீமியர் லீக் நிபந்தனைகளை வைத்தது, ஆவணம் கேட்டது, மறுபடி கேட்டது. மாதங்கள் ஓடின. காத்திருந்த காலத்தில் அந்த நிறுவனம் எவர்ட்டனுக்குச் சுமார் 20 கோடி பவுண்டு கடனும் கொடுத்தது. கடைசியில் அதன் சொந்த வீடே ஆட்டம் கண்டது. நியூயார்க்கில் மோசடிக் குற்றச்சாட்டோடு வழக்கு வந்தது, 2024 ஜூன் தொடக்கத்தில் ஒப்பந்தம் முறிந்தது. டிசம்பரில் ஃப்ரீட்கின் குழுமம் கிளப்பை வாங்கியது. தாமதம்தான் அங்கே காப்பாற்றியது. அவசரம் காட்டுபவரிடம் நிதானம் காட்டுவதே பாதிச் சோதனை.

விகன் அத்லெட்டிக் நேர் எதிர். 2020-இல் புதிய உரிமையாளர் வந்து ஒரு மாதத்துக்குள், ஜூலை 1 அன்று, கிளப்பைத் திவால் நிர்வாகத்துக்கு அனுப்பினார். இப்போதும் எனக்கு அதன் கணக்குப் புரியவில்லை.

4. மூன்றாம் மாற்று வீரர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரு பவுண்டுக்கு எப்படி ஒரு கிளப்பை வாங்க முடியும்? அந்த விலைக்கு நானே வாங்கியிருப்பேனே.

5. கணக்குப்பிள்ளை

வாங்கியிருந்தால் இன்று இங்கே எழுத நேரம் இருந்திருக்காது. ஒரு பவுண்டு என்பது பங்குகளின் விலை. கூடவே கடன், வரிப் பாக்கி, வீரர்களின் சம்பள ஒப்பந்தம் எல்லாம் தலையில் இறங்கும். விற்பவர் ஓடிப்போகத் துடிக்கிறார் என்பதே அந்த விலையின் பொருள்.

ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை 2011-இல் கிரெய்க் ஒயிட் ஒரு பவுண்டுக்குத்தான் வாங்கினார், வங்கிக் கடன் 1 கோடியே 80 லட்சம் பவுண்டை அடைப்பதாகச் சொல்லி. அடைத்தார். யார் பணத்தில்? ரசிகர்கள் வரும் ஆண்டுகளில் வாங்கப்போகும் பருவ டிக்கெட்டுகளின் வருமானத்தை முன்கூட்டியே விற்ற பணத்தில். கிளப்பின் எதிர்காலத்தை விற்றுக் கிளப்பை வாங்கியிருக்கிறார். இதற்கு முன் ஏழு ஆண்டுகள் நிறுவன இயக்குநராக இருக்கத் தடை பெற்றவர் என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. 2012-இல் ரேஞ்சர்ஸை நடத்திய நிறுவனம் கலைக்கப்பட்டது. மோசடி வழக்கில் 2017-இல் அவர் விடுதலையானார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அப்படி வாங்குவது குற்றம் என்று மெய்ப்பிக்க முடியவில்லை. அதுதான் மேலும் கவலை.

6. எதிர்வாதி

கணக்குப்பிள்ளை முடித்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். 'நேர்மையற்றவர்' என்று எழுதுவது எளிது, நடுவர் முன் நிரூபிப்பது வேறு.

2014 மார்ச். லீட்ஸ் யுனைடெட்டை இத்தாலிய வணிகர் மாசிமோ செலினோ வாங்க வருகிறார். ஒரு படகை இறக்குமதி செய்தபோது வரி கட்டவில்லை என்று இத்தாலிய நீதிமன்றம் அபராதம் விதித்திருக்கிறது. ஃபுட்பால் லீக் (இ.எஃப்.எல். அமைப்பின் அன்றைய பெயர்) கதவைச் சாத்துகிறது. அவர் மேல்முறையீடு செய்கிறார். இத்தாலிய நீதிபதியின் விரிவான தீர்ப்பு இன்னும் வெளிவராததால், அவர் தெரிந்தே ஏமாற்றினாரா, கவனக்குறைவா என்று சொல்ல முடியாது என்கிறார் மேல்முறையீட்டை விசாரித்த வழக்கறிஞர். கதவு திறக்கிறது, கிளப் அவருடையதாகிறது. பிறகு விரிவான தீர்ப்பு வருகிறது. லீக் அதைப் படித்துவிட்டு டிசம்பரில் அவரைத் தகுதிநீக்கம் செய்கிறது. ஆனால் 2015 வசந்தத்தில் அந்தத் தண்டனை சட்டப்படி காலாவதியாகிவிடும் என்பதால் தடையும் அதுவரைதான்! சில மாதம் வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். நேர்மையற்றவர் ஒரு குறிப்பிட்ட தேதியில் நேர்மையானவர் ஆகிவிடுகிறார்.

பட்டியல் முறையின் கோளாறு இது. அதனால்தான் 2025 ஜூலையில் பிரிட்டன் இயற்றிய கால்பந்து ஆளுமைச் சட்டம் வேறு வழியில் போகிறது. பரியின் அழிவும், 2021 ஏப்ரலில் ஆறு பெரிய கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிப் போட்டிக்கு ஓடப் பார்த்ததும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தில் முன்னாள் விளையாட்டு அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையில் ஒரு ஆய்வு நடந்தது. அதன் பிள்ளைதான் இந்தச் சட்டம். மேல் ஐந்து பிரிவுகளின் 116 கிளப்புகளும் உரிமம் பெற்றே ஆட வேண்டும். உரிமையாளரின் நேர்மை, பண வலு, அந்தப் பணம் வந்த வழி எல்லாவற்றையும் தனி ஆணையம் எடைபோடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்மீது ஐயம் வந்தால் அவரையும் சோதிக்கலாம், தகுதியில்லையென்றால் வெளியேறச் சொல்லலாம். லீக்கின் கையில் இல்லாமல்போன ஆயுதம் அதுதான்.

எனக்குள்ள தயக்கமும் இங்கேதான். பட்டியல் போய் மதிப்பீடு வந்தால், மதிப்பிடுபவர் யார் என்ற கேள்வி வரும். பெரும் பணக்காரரிடம் 'உங்கள் நேர்மையில் எங்களுக்கு நிறைவில்லை' என்று சொன்னால் அவர் நீதிமன்றத்துக்குப் போவார். பல ஆண்டு இழுப்பார். நடுவில் கிளப் தொங்கும்.

7. தெற்கு மேடை

இத்தனை சிக்கலுக்கும் ஜெர்மனியில் 1998 முதல் ஒரே வரியில் மருந்து இருக்கிறது: வாக்குகளில் பாதிக்கு மேல் கிளப்பின் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். ஐம்பது கூட்டல் ஒன்று. முதலீட்டாளர் எவ்வளவு போட்டாலும் ஆட்டிவைக்க முடியாது. லெவர்குசன், வுல்ஃப்ஸ்பர்க் மாதிரி பழைய விதிவிலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. 2024 தொடக்கத்தில் லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்கப் பார்த்தபோது, ரசிகர்கள் ஆட்டம் தோறும் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசி, அந்தப் பேச்சையே கைவிட வைத்தார்கள். உரிமையாளருக்குச் சோதனை வைப்பதைவிட உரிமையாளரே இல்லாமலிருப்பது மேல்.

8. எதிர்வாதி

1860 மியூனிக் என்ற கிளப்பை மறந்துவிட்டீர்கள். அங்கே ஜோர்டான் முதலீட்டாளர் ஹசன் இஸ்மாயிக் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார், வாக்குரிமைப் பெரும்பான்மை மட்டும் உங்கள் விதிப்படி உறுப்பினர்களிடம் இருந்தது. 2017-இல் கிளப் இரண்டாவது பிரிவிலிருந்து இறங்கியபோது, மூன்றாவது பிரிவு உரிமத்துக்குத் தேவையான பணத்தை அவர் தரவில்லை. ஒரேயடியாக நான்காவதுக்குப் போய் விழுந்தது. சாவி ஒருவரிடம், பணப்பை இன்னொருவரிடம் இருந்தால் இதுவும் நடக்கும்.

ஜெர்மனியில் நான் பொறாமைப்படுவது உறுப்பினர் வாக்கைக் கண்டு அல்ல. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பாகக் கணக்கைக் காட்டி உரிமம் வாங்க வேண்டியிருக்கிறதே, அதைக் கண்டு.

9. மழைநாள் ஆட்டம்

ரசிகர்கள் கையில் சாவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு கதை சொல்கிறேன். வேடிக்கை என்னவென்றால் இதற்கு இரண்டு முடிவுகள்.

நாட்ஸ் கவுன்டி, 1862-இல் தொடங்கிய மிகப் பழைய தொழில்முறைக் கிளப். 2009-இல் அதன் பெரும்பான்மைப் பங்கு ரசிகர் அறக்கட்டளையிடம் இருந்தது. மத்தியக் கிழக்கிலிருந்து பெரும் பணம் வருகிறது என்று மன்ட்டோ ஃபைனான்ஸ் என்ற பெயரில் சிலர் வந்தார்கள். ரசிகர்கள் வாக்கெடுத்து, பங்குகளை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்வென்-கோரான் எரிக்சன் கால்பந்து இயக்குநராக வந்தார். அதே அணியின் முன்னாள் வீரர் சால் கேம்பெல் வந்து, ஒரே ஒரு ஆட்டம் ஆடி, நிலைமை புரிந்து போய்விட்டார். லீக் கூட அக்டோபரில் அந்தக் குழுவுக்குத் தகுதிச் சான்று கொடுத்தது. டிசம்பரில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. வருவதாகச் சொன்ன பணம் வரவேயில்லை.

இப்போது வேல்ஸின் ரெக்ஸம். 2020-இல் அங்கும் ரசிகர் அறக்கட்டளைதான் உரிமையாளர். அங்கும் வாக்கெடுப்பு. 98.6 சதவீதம் பேர் சரி என்றார்கள், இரண்டு நடிகர்களிடம் கிளப்பைக் கொடுத்தார்கள். அதன் பிறகு கிளப் மேலே மேலே ஏறியது எல்லோருக்கும் தெரியும்.

ஒரே முடிவைத்தான் இரண்டு ஊர் ரசிகர்களும் எடுத்தார்கள். ஒருவர் ஏமாந்தார், ஒருவருக்குச் சீட்டு விழுந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாட்டை ரசிகர் வாக்கால் கண்டுபிடிக்க முடியாது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரம் உள்ள ஒருவரால்தான் முடியும். பின்வரிசையின் பக்கம் நான் ஓர் அடி நகர்ந்துவிட்டேன் என்று வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள்.

10. கறுப்பு வெள்ளைக் கோடு

எல்லோரும் திவாலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நியூகாசில் ரசிகன், எங்கள் கதைக்குத் திவால் அளவுகோல் உதவாது. 2021 அக்டோபரில் சவூதி பொது முதலீட்டு நிதியம் 80 சதவீதம் வாங்கியது. பணம் இல்லையா என்று கேட்டால் சிரிப்பார்கள். கிளப்பைச் சவூதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி செல்லும் உறுதிமொழி கிடைத்திருப்பதாக பிரீமியர் லீக் சொன்னது. 2023-இல் அமெரிக்காவில் கால்ஃப் வழக்கு ஒன்றில் அதே நிதியம், தன் தலைவர் சவூதி அரசின் பதவியில் இருக்கும் அமைச்சர் என்றும், அரசுக்குரிய சட்டப் பாதுகாப்பு தங்களுக்கு உண்டு என்றும் வாதிட்டது. எங்கள் கிளப்பின் தலைவரும் அவர்தான். ஒரு கடற்கரையில் அரசு இல்லை, மறு கடற்கரையில் அரசு.

நான் கொண்டாடினேனா? கொண்டாடினேன். முந்தைய உரிமையாளர் மைக் ஆஷ்லி காலத்தின் பதினான்கு ஆண்டுகளை வாழ்ந்து பார்த்தவர்கள் மட்டும் என்னைத் திட்டுங்கள். ஆனாலும் அந்த உறுதிமொழித் தாளை நானும் ஒருமுறை படித்துப் பார்க்க விரும்புகிறேன்.

11. தெற்கு மேடை

கொண்டாடிவிட்டுத் தாளைக் கேட்பதில் பயனில்லை நண்பரே. ஒரு அரசே உரிமையாளராக வந்தால் எந்த ஆணையம் அதைத் தகுதியற்றது என்று சொல்லும்? சொல்லும் நாளில் வெளியுறவு அமைச்சகம் தொலைபேசியை எடுக்கும்.

12. எதிர்வாதி

தெற்கு மேடை சொல்வது கற்பனை இல்லை. 2024 மார்ச்சில் வந்த முதல் வரைவில், உரிமையாளரை மதிப்பிடும்போது அரசின் வெளியுறவு, வணிகக் கொள்கைகளை ஆணையம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். அந்த வரைவு தேர்தலோடு காலாவதியானது. அரசுத் தலையீடு கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமும் கவலை தெரிவித்தது. அக்டோபரில் வந்த புதிய வரைவில் அந்தப் பிரிவு இல்லை. எழுத்தில் இல்லை என்பதுவரைதான் என்னால் உறுதி சொல்ல முடியும்.

மனித உரிமை மீறலை பிரீமியர் லீக் 2023 மார்ச்சில் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பிரிட்டிஷ் அரசின் தடைச் சட்டத்தை அடியொற்றியே சேர்த்தது. அரசுக்கு நண்பராக இருக்கும்வரை அந்தப் பிரிவு தூங்கும். ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச்சைப் பாருங்கள். 2003-இல் செல்சியை வாங்கினார், பத்தொன்பது ஆண்டுகள் தகுதியானவராகவே இருந்தார். உக்ரைன் போரை ஒட்டி 2022 மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் அரசு அவர்மீது தடை விதித்தது. இரண்டே நாளில் லீக் அவரைத் தகுதிநீக்கம் செய்தது. அந்த இரண்டு நாளில் அவர் குணம் மாறிவிடவில்லை.

13. கணக்குப்பிள்ளை

செல்சியில் நான் கவனித்தது வேறு. தடை வந்ததும் டிக்கெட் விற்க முடியாது, கடை மூடல், வெளியூர் ஆட்டத்துக்குப் பயணச் செலவு 20,000 பவுண்டுக்குள். உரிமையாளர் கிளப்புக்குக் கடனாகக் கொடுத்திருந்தது மட்டும் ஏறத்தாழ 150 கோடி பவுண்டு. உலகச் சாம்பியன் கிளப் சில வாரங்கள் கைச்செலவுக்குக் கணக்கு எழுதியது. 250 கோடிக்கு வாங்க ஆள் வரிசையில் நின்றதால் தப்பித்தது. பரிக்கு வரிசை இல்லை.

அதனால் உரிமையாளரிடம் வாக்குறுதி வாங்குவதை விட்டுவிட்டு முன்பணம் வாங்குங்கள் என்பேன். ஓராண்டுச் சம்பளத்துக்கான தொகையை மூன்றாம் நபரின் கணக்கில் பூட்டி வைக்கட்டும். நல்லவரும் கட்டட்டும், கெட்டவரும் கட்டட்டும்.

14. மூன்றாம் மாற்று வீரர்

அப்படி வைத்தால் சின்னக் கிளப்புகளை வாங்க யாருமே வரமாட்டார்களே?

15. கணக்குப்பிள்ளை

சிலர் வரமாட்டார்கள். யார் என்று யோசித்துப் பாருங்கள்.

16. பின்வரிசை

தொடங்கிவைத்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிளாக்பூலுக்கு என்னிடம் பதில் இல்லை. பணம் இருக்கும் கிளப்பிலிருந்து அதை உருவுபவரைப் பிடிக்க ஆளையும் பார்த்தாக வேண்டும். ஆனால் அதற்கும் வாசல் சோதனை போதாது என்பதில் மாற்றமில்லை. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப்பை 2015-இல் தாய்லாந்து வணிகர் சான்சிரி வாங்கியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. பத்து ஆண்டு கழித்து, 2025-இல், சம்பளம் மாதக்கணக்கில் தாமதமானது, அக்டோபரில் திவால் நிர்வாகம், 12 புள்ளி போனது. மைதானம் வேறு தனி நிறுவனத்தின் பெயரில். 2015-இன் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு 2025-இல் என்ன செய்வது?

கணக்குப்பிள்ளையின் முன்பண யோசனைக்கு என் வாக்கு உண்டு. கூடவே மைதானத்தைக் கிளப்பிலிருந்து பிரிக்கவே கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் முழு மனதோடு.

17. மழைநாள் ஆட்டம்

மைதானம் என்றதும் நினைவு வந்தது. நீங்கள் சொன்ன டார்லிங்டன் கிளப் 2012-இல் முற்றிலும் நொடித்தது. ரசிகர்களே அதை மறுபடி தொடங்கினார்கள், இப்போதும் அவர்களுடையதுதான். ரெனால்ட்ஸ் கட்டிய 25,000 இருக்கை மைதானத்தை உள்ளூர் ரக்பி கிளப் ஒன்று வாங்கிக்கொண்டது. கால்பந்து கிளப் 2016 முதல் ஊரின் இன்னொரு ரக்பி கிளப்பின் மைதானத்தில் ஆடுகிறது.